'ஒன்றுமில்லை' என்பது நோயறிதல் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கேள்வி-பதில் ஒன்றைப் படித்த பிறகு இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. 46 வயது வாசகி ஒருவர், ஓராண்டாகத் தமக்கு அவ்வப்போது நெஞ்சு படபடப்பதாகவும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதாகவும், இ.சி.ஜி.யும் எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுத்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தார். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாததால் இது மனப்பதற்றமே என்றும், மூச்சுப்பயிற்சியும் யோகாவும் செய்தால் போதும் என்றும் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சரியாகவும் இருக்கலாம். ஆனால், அந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழி சரியில்லை. சென்னையில் ஓர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக நின்றவள் என்ற முறையிலும், இதே பிழையால் என் சொந்தக் குடும்பத்தில் இருவர் இரு வேறு விதமாக அல்லல்பட்டதைக் கண்டவள் என்ற முறையிலும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் தங்கைக்கு 38 வயதில் இந்தப் படபடப்பு தொடங்கியது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, கோயில் வரிசையில் நிற்கும்போது, சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது என்று நேரம் காலம் பாராமல் வரும். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். அங்கே எடுக்கும் இ.சி.ஜி. ஒவ்வொரு முறையும் 'நார்மல்' என்றே வரும். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார், வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் இருக்கிறான் என்ற இரண்டு செய்திகள் காதில் விழுந்ததுமே, மருத்துவர்கள் 'டென்ஷன்' என்று முடிவு கட்டி இரவில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றே முக்கால் ஆண்டு அந்த மாத்திரையோடு ஓடியது. தன் மனம்தான் கெட்டுப்போய்விட்டது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஒரு நாள் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்தபடியே அவள் சொன்னாள்: "சுவிட்சைப் போட்டாப்ல ஆரம்பிக்குதுக்கா. அணைச்சாப்ல நின்னுடுது. நின்ன கையோட ரெண்டு மூணு தடவை பாத்ரூம் ஓட வேண்டியிருக்கு." நோயறிதல் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது. அத்தனை ஆண்டுகள் வார்டில் நின்ற நானும் அன்று அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கடைசியில், தெருமுனையில் உள்ள ஒரு சிறிய கிளினிக்கில்தான் உண்மை வெளிப்பட்டது. படபடப்பு அடங்குவதற்கு முன்பாகவே அவளைப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 190. காகிதத்தில் கூர்முனைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சீப்பின் பற்களைப்போல் நின்றன. மருத்துவர் அவளை மூச்சைப் பிடித்து அடிவயிற்றில் அழுத்தம் கொடுத்து முக்கச் சொன்னார். இரண்டாவது முறை முக்கியதும், எங்கள் கண்முன்னே துடிப்பு சட்டென்று 84-க்கு இறங்கியது. இதயத்தில் மின்னோட்டம் செல்லும் இயல்பான வழியோடு கூடுதலாக ஒரு குறுக்குவழி இருந்து, அதில் மின்துடிப்பு சுற்றிச் சுற்றி ஓடுவதால் வரும் கோளாறு இது. 'சுப்ராவென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா' என்று பெயர். தொடையில் உள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அந்தக் குறுக்குவழியைச் சுட்டுவிட்டார்கள். ஆறு ஆண்டுகளாகிவிட்டன, அவளுக்குப் படபடப்பு திரும்ப வரவில்லை. இக்கோளாறு உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், மனப்பதற்ற நோயாளிகள் என்று தவறாகக் கருதப்படுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதிவிட்டார்கள். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்பது, மழை பெய்யாத நாளில் கூரையைப் பார்த்து ஒழுகவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால், படபடப்பு உள்ள ஒவ்வொருவரும் இதய மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று பொருளாகிவிடும். அதுவும் பெரிய கேடு. என் அக்காள் மகனின் அனுபவம் நேர் எதிரானது.

அவனுக்கு 27 வயது, ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு நெஞ்சை அடைத்து, மூச்சு முட்டி, வாயைச் சுற்றி மரத்துப்போய், இரண்டு கைகளிலும் விரல்கள் விறைத்துக் குவிந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. வலிப்பு என்று நினைத்த அறை நண்பர்கள், கைக்குள் இரும்பு வைக்க வேண்டும் என்று பைக் சாவியைத் திணிக்கப் பார்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, அவன் வியர்வையில் நனைந்து, "சித்தி, நான் செத்துடுவேனா?" என்று கேட்டான். பணியில் இருந்த மருத்துவர் இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். ஒன்றுமில்லை, கேஸாக இருக்கும்" என்று சொல்லி, ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒன்றுமில்லை என்ற சொல் அவனை அமைதிப்படுத்தவில்லை. சாகும் தறுவாயில் இருப்பதாக உணர்ந்த ஒருவனிடம் ஒன்றுமில்லை என்றால், உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அடுத்த எட்டு மாதங்களில் இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில், ஒரு எண்டோஸ்கோபி, மூளைக்கு ஒரு எம்.ஆர்.ஐ., மூன்று மாஸ்டர் செக்கப் ஆயிற்று. அறிக்கைகளை எல்லாம் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டு ஊரெல்லாம் சுமந்தான். எக்கோ அறிக்கையின் கடைசி வரியில் 'டிரிவியல் எம்.ஆர்.' என்று இருந்தது. நலமாக உள்ள பலருக்கும் காணப்படும், சிகிச்சை எதுவும் தேவைப்படாத, இதய வால்வில் ஒரு சிறு கசிவு அது. அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவன் எத்தனை இரவுகள் உறங்காமல் செல்பேசியில் தேடினான் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள், அந்தக் கருவியில் தெரியாத நோயாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி.

கடைசியில் ஒரு பொது மருத்துவர் அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. "அடுத்த தடவை வந்துவிடுமோ என்ற பயத்தில் எதையெல்லாம் விட்டுவிட்டாய்?" என்று மட்டும் கேட்டார். அலுவலகப் பேருந்தை விட்டிருந்தான். திரையரங்குக்குப் போனால் கதவோரம்தான் உட்கார்ந்தான். கத்திப்பாரா மேம்பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொள்வோமோ என்று அந்த வழியையே தவிர்த்தான். சொல்லிக்கொண்டே வந்தவன் அழுதுவிட்டான். வரும்போது பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்ல வடிவது, செத்துவிடுவோம் அல்லது பைத்தியம் பிடித்துவிடும் என்ற திகில், இடைப்பட்ட நாட்களில் அடுத்ததைப் பற்றிய ஓயாத அச்சம், அந்த அச்சத்தால் இடங்களையும் வேலைகளையும் ஒதுக்குவது ஆகிய இவைதான் பீதித் தாக்குதல் நோயின் அடையாளங்கள். இவற்றைக் கேட்டு அறிய வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் இவை தெரியா.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். மனப்பதற்றத்துக்கு என்று சொந்த அடையாளங்கள் இருக்கின்றன. அவை இருந்தால் அதைக் கண்டறியலாம். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து விடை தெரியாமல் போனால் கடைசியில் கொண்டுபோய்ப் போடும் குப்பைக்கூடை அன்று அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, உடற்குறிகளை மையமாகக் கொண்ட மனநோய்களுக்கு 'மருத்துவக் காரணம் கண்டறியப்படாதவை' என்ற நிபந்தனை முதன்மை அளவுகோலாக இருந்ததைக் கைவிட்டது. காரணம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் என்று சொல்லக் கூடாது என்பதே அதன் அடிப்படை. நம் புறநோயாளர் பிரிவுகளுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது.

அந்த இளைஞனின் விரல்கள் ஏன் மடங்கின என்பதையும் யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்; இரண்டு நிமிட வேலைதான் அது. அச்சத்தில் மூச்சை வேகவேகமாக இழுத்து விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால், இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கால்சியத்தின் அளவு இறங்கி, நரம்புகள் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. வாயைச் சுற்றி மரத்துப்போவதும், விரல்கள் குவிவதும் அதனால்தான். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. இதில் கற்பனை எதுவும் இல்லை, நடிப்பு எதுவும் இல்லை. அத்தனையும் உடம்பில் நிகழ்பவை. (இந்த நேரத்தில் காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆஸ்துமாவோ மாரடைப்போ இருந்துவிட்டால் அது உயிருக்கே உலை வைக்கும் என்பதால் இப்போது பொதுவாக அது பரிந்துரைக்கப்படுவதில்லை.) உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படுவதற்கு மெய்ப்பாடு என்றே ஒரு சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கைகால் வெலவெலக்கிறது என்று அன்றாடம் பேசுகிறோம். அப்படிப் பேசும் நாமே, பரிசோதனையில் தெரியாத வலியைச் சொல்லும் ஒருவரைப் பார்த்து "உனக்கு எல்லாம் மனசுதான்" என்று குற்றம்போலச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

குற்றம்போலச் சொல்வதோடு நிற்பதும் இல்லை. அவசரப் பிரிவுகளில் 'எச்.சி.ஆர்.' என்ற மூன்றெழுத்து உண்டு. 'ஹிஸ்டீரிக்கல் கன்வர்ஷன் ரியாக்ஷன்' என்பதன் சுருக்கம் அது; மன அழுத்தம் உடற்குறியாக வெளிப்படுகிறது என்று பொருள். இளம்பெண் ஒருத்தி மயங்கிய நிலையில் வந்து, இ.சி.ஜி.யும் இரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், கேஸ் ஷீட்டில் அந்த மூன்றெழுத்து விழுந்துவிடும். விழுந்த பிறகு அவளை யாரும் மறுபடி தொட்டுப் பார்ப்பது அரிது. அம்மோனியாவில் நனைத்த பஞ்சை மூக்கருகே பிடித்து 'எழுப்பியதை' நான் பார்த்திருக்கிறேன். தொடக்கக் காலத்தில், சொல்லப்பட்டதற்கு இணங்கி நானும் பிடித்திருக்கிறேன். அவள் வீட்டில் என்ன நடக்கிறது, யாரால் அடிபடுகிறாள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். மனம் சார்ந்தது என்று உண்மையிலேயே நம்பினால், அங்கேதான் விசாரணை தொடங்க வேண்டும். நம் வழக்கத்திலோ அங்கே அது முடிந்துவிடுகிறது.

எவற்றைப் பார்க்காமல் மனப்பதற்றம் என்று சொல்லக் கூடாது என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, எரிச்சல், உறக்கமின்மை எல்லாம் பதற்றத்தைப் போலவே வரும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தால் ஐயமே வேண்டாம், டி.எஸ்.எச். என்னும் தைராய்டு இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட வேண்டும். இரத்தசோகை அடுத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது; தமிழ்நாட்டிலும் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. நாட்டில் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இருக்கும் ஒரு குறையைப் பார்க்காமல், படபடக்கும் பெண்ணுக்கு யோகா சொல்லி அனுப்புவது எப்படிச் சரியாகும்? நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்த்து நடுங்கிப் பதறுவார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் சில நொடிகளில் அதைச் சொல்லிவிடும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும், முழுச் சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறைந்து கைகால் மரத்துப்போகலாம். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், மூக்கடைப்பு மாத்திரை, நாளைக்கு ஐந்தாறு டம்ளர் ஃபில்டர் காபி ஆகியவையும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். மிக அரிதாக, அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி ஒன்று தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றையும் இரத்த அழுத்த ஏற்றத்தோடு விட்டுவிட்டுக் கொண்டுவரும். அந்த அரிய நோயை எல்லோருக்கும் தேட வேண்டியதில்லை. முன்னே சொன்ன எளிய இரத்தப் பரிசோதனைகளை மட்டும் யாருக்கும் விட்டுவிடக் கூடாது.

உடலில்தான் ஏதோ இருக்கிறது என்று எச்சரிக்கும் குறிகள் வேறு. நடந்தால் நெஞ்சில் அழுத்தம் வந்து நின்றால் விடுவது, உழைக்கும்போது மயங்கி விழுவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, ஒருபக்கம் வலுவிழப்பது, காரணமில்லாத காய்ச்சலும் எடைக்குறைவும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், அதுவரை இல்லாத பதற்றம் ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பதற்றம் என்ற சொல்லை ஒத்திவைக்க வேண்டும். உறக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தால் அது உடல்நோயாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; பீதித் தாக்குதலும் உறக்கத்தில் வரும் என்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. 'கேஸ்' என்று நாமாக முடிவுசெய்து சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு மாரடைப்பின் முதல் மணி நேரத்தைத் தொலைப்பவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலேயே தாடை வலி, முதுகு வலி, குமட்டல், சோர்வு என்று மாரடைப்பு வரலாம். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், சில மணி நேரம் வைத்திருந்து இ.சி.ஜி.யையும், இதயத்தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனையையும் மறுபடி செய்வது இதனால்தான். வீட்டுக்கு விடாமல் காத்திருக்கச் சொல்கிறார்களே என்று அங்கே யாரும் சண்டை போட வேண்டாம்.

இது உடலா, மனமா என்று கேள்வியை இரண்டாகப் பிளப்பதே பல நேரங்களில் தவறாகிவிடுகிறது. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்காகவே பதற்றம் வரும். மாரடைப்பிலிருந்து மீண்டவர் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருப்பார். இருவருக்கும் இரண்டு சிகிச்சையும் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்களின் படபடப்பையும் நெஞ்சுவலியையும் ஆராய்ந்த டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயரிட்டார். இதயத்தில் அமைப்புக் கோளாறு இல்லாதபோதும், அந்த வீரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. வந்தவர்களைக் கவனித்து, குறித்துவைத்து, மருத்துவம் பார்த்தார். 150 ஆண்டுகளுக்கும் முன் ஒரு போர்க்காலத்தில் கிடைத்த அந்தக் கவனிப்பு, இன்று கட்டணம் செலுத்தி வரும் நோயாளிக்குக் கிடைக்க வேண்டாமா?

மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால், சென்னையில் இன்னொரு தடையும் இருக்கிறது. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிறோம். என் அக்காள், மகனை அழைத்துப்போக மூன்று மாதம் மறுத்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது என்பதும், 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரிலிருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. தெரியாததால், மருந்துக்கடையில் அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அப்போதைக்கு அடக்கும், பிறகு விட முடியாமல் பிடித்துக்கொள்ளும். முறையான சிகிச்சையில் தரப்படும் மருந்துகள் பலன் காட்ட சில வாரங்கள் ஆகும், பேச்சுச் சிகிச்சைக்கும் அப்படியே. ஆனால் அவை நோயைக் குறைக்கின்றன. என் அக்காள் மகன் இப்போது அலுவலகப் பேருந்தில்தான் போகிறான்.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அன்று. படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் தமிழில் அரைப்பக்கச் சீட்டு ஒன்று கொடுக்கட்டும். இன்று என்னென்ன பார்த்தோம், எவை இல்லை என்று உறுதியாயிற்று, எவை இன்னும் பார்க்கப்படவில்லை, எந்தக் குறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் போதும். நோயாளிகளும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளலாம்: எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், திடீரென்று வந்ததா மெல்ல ஏறியதா, எப்படி நின்றது, மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பு எவ்வளவு என்று. என் தங்கை அப்படி ஒரு நோட்டு எழுதியிருந்தால், அந்த ஒன்றே முக்கால் ஆண்டு சில வாரங்களில் முடிந்திருக்கும்.

இறுதியாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 46 வயது வாசகிக்கு மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு, தைராய்டு பார்த்தாரா, அவரிடம் உள்ள இ.சி.ஜி. படபடப்பு இருக்கும்போது எடுத்ததா, 24 மணி நேரம் தொடர்ந்து இ.சி.ஜி. எடுக்கும் ஹோல்டர் பதிவு செய்யப்பட்டதா என்ற கேள்விகளோடு, அடுத்த வாரமே அதே பக்கத்தில் ஒரு திருத்தப் பதிலை வெளியிடுங்கள். அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூச்சுப்பயிற்சியைத் தொடங்கிவிட்டு அவர் காத்துக்கொண்டிருக்கக் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.